நரம்பு: ஒரு சொல்லின் வரலாறும் ஓர் உடற்றொகுதியின் வரலாறும்

நாளாந்த வழக்கில் எல்லோர் வாயிலும் எளிதாகப் புழங்கி, பொருளை உறுதியாகப் பற்ற முயலுங்கால் கையினின்று நழுவிச் செல்லும் சொற்கள் சில உள. ‘நரம்பு’ அவற்றுள் ஒன்று. எமது ஊராகிய தம்பிலுவிலில் ஊசி ஏற்றுபவர் “நரம்பு அம்பிடுதில்லை” என்பார். அவர் தேடுவது குருதிக் குழாயை. நெல்மூடை சுமந்தவர் “நரம்பு புரண்டு போச்சு” என்பார். புரண்டது தசையை எலும்போடு பிணைக்கும் நாண். இலைக்கும் நரம்பு உண்டு. ஆனால் வைத்தியசாலைப் பலகையில் ‘நரம்பியல்’ என எழுதப்பட்டிருக்கும்போது அச்சொல் இவற்றுள் ஒன்றையும் சுட்டுவதில்லை. மூளையிலும் முண்ணாணிலும் தொடர்பு கொண்டு உடலெங்கும் செய்தி காவிச் செல்லும் இழைகளையே அது குறிக்கின்றது.

இவ்வேறுபாடு அகராதி தொகுப்போருக்கு மாத்திரம் உரிய கவலை எனக் கொள்ளுதல் தவறு. எனது அம்மம்மா நெடுங்காலமாக நீரிழிவு நோயுடையவர். ஒரு வருடத்துக்கு மேலாக “கால் நரம்பு விறைக்குது மகன்” என்று கூறிவந்தார். அவரது கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்திருந்த குழாய்களை நாங்கள் பார்த்தோம், எண்ணெய் தடவினோம், கால்களைத் தலையணை மீது உயர்த்தி வைத்தோம். பின்னர் ஒருநாள் அவருடைய உள்ளங்காலில் துருவேறிய ஆணியொன்று தைத்திருக்கக் கண்டோம். அது தைத்து மூன்று நாட்களாவது கழிந்திருக்கும். அவருக்கு நோவு தெரியவில்லை. இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது. அவர் சொன்ன சொல் சரியானதே. படித்தவர்களாகிய நாங்கள்தாம் அதனை வேறு பொருளில் விளங்கிக்கொண்டோம். ஒரே சொல்லுள் இத்தனை பொருள்கள் எவ்வாறு குடியேறின, அவற்றைப் பிரித்தெடுக்கும் முயற்சி தமிழில் எப்போது தொடங்கியது, அது எங்கே நின்றுபோயிற்று என்பனவற்றை ஆராய முற்பட்டதற்கு இந்நிகழ்ச்சியே காரணம்.

பழந்தமிழ் நூல்களில் நரம்பு என்பது முதன்மையாக யாழின் நரம்பேயாகும். தொல்காப்பிய நூன்மரபு இசை நூலைச் சுட்டுமிடத்து இச்சொல்லையே ஆள்கின்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் நரம்பு என்பது இசைக்கருவியின் தந்தியையும் அதில் எழும் சுரத்தையும் ஒருங்கே குறிப்பதைக் காணலாம். உடலைக் குறித்து வரும் வழக்கும் பழமையானதே. புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாயின் வற்றிய தோள்களில் நரம்புகள் எழுந்து தோன்றுகின்றன. தோலின் மேல் எழுந்து தோன்றுவன குருதிக் குழாய்களே என்பதில் ஐயமில்லை. எனவே எமது கிராமத்து வழக்குப் பிழையான வழக்கு அன்று. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய வழக்கு. பிற்காலத்து விஞ்ஞானமே அச்சொல்லை எடுத்துப் புதிய பொருளுக்கு உரிமையாக்கியது.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதா எனின், அன்று. கிரேக்கத்தில் ‘நியூரோன்’ என்ற சொல் தொடக்கத்தில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. வடமொழியின் ‘ஸ்நாயு’ தசைநாணைக் குறித்துப் பின்னர் நரம்புக்கு ஆகியது. அதனோடு உறவுடைய பாளிச் சொல்லின் வழிவந்த சிங்கள ‘நஹர’ எமது நரம்பைப் போலவே குருதிக் குழாய்க்கும் நாணுக்கும் பொதுவாக வழங்குகின்றது. அரபியில் ‘அஸப்’ என்பதும் இவ்வாறே. உடலை அறுத்துப் பார்ப்போர் கண்ணுக்கு வெண்ணிறமான நீண்ட இழைகள் யாவும் முதலில் ஒன்றாகவே தோன்றின. மொழிகளும் அக்கண்களையே பின்பற்றின எனலாம். (எமது ஊர்ப்பெயரில் உள்ள ‘வில்’ நாணேற்றும் வில் அன்று, நீர்நிலையைக் குறிக்கும் சொல் என்பர். ஆதலால் நாணோடு உறவு கொண்டாட எமக்கு வழியில்லை.)

இவ்விழைகளுள் சில வேறானவை என்பதை முதலில் தெளிவாகக் கண்டவர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ், எரசிஸ்திராற்றஸ் என்போராவர். மனித உடலை அறுத்து ஆராயும் வாய்ப்பு அந்நகரிலே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அவர்களுக்கு முன்னர் அரிஸ்ரோட்டில் உணர்வின் இருப்பிடம் இதயமே எனவும், மூளை குருதியைக் குளிர்விக்கும் உறுப்பு எனவும் கருதியிருந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் கேலன் என்னும் வைத்தியர் செய்துகாட்டிய பரிசோதனை ஒன்று இவ்விவாதத்திற் பெரும்பங்கு வகித்தது. கதறிக்கொண்டிருந்த பன்றியொன்றின் குரல்வளைக்குச் செல்லும் நரம்பை அவர் கட்டினார். பன்றி உயிரோடு இருந்தது. அதன் குரல் மாத்திரம் நின்றுபோயிற்று. மூளையிலிருந்து வரும் இழையே குரலை ஆள்கின்றது என்பது கூடியிருந்தோர் கண்முன் நிறுவப்பட்டது.

கேலனை அரபு உலகு ‘ஜாலீனூஸ்’ என அழைத்தது. 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா இயற்றிய ‘அல்கானூன்’ நூலில், கேலனைப் பின்பற்றி, மூளையிலிருந்து ஏழு சோடி நரம்புகள் புறப்படுவதாகக் கூறப்படுகின்றது. இன்று நாம் எண்ணுவது பன்னிரண்டு சோடி. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் யூனானி வைத்தியத்தை அறிந்த முஸ்லிம் மக்களுக்கு இந்த மரபு அந்நியமானதன்று. ‘யூனானி’ என்ற சொல்லே ‘கிரேக்கத்துக்குரியது’ எனப் பொருள்படும். எமது கரையோரத்திலே சித்த, ஆயுள்வேத மரபும் கிரேக்க, அரபு மரபும் ஒரே தெருவின் இரு கோடிகளில் நெடுங்காலம் வழங்கிவந்துள்ளன. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும் ஆய்வு இன்னும் செய்யப்படவில்லை என்றே எண்ணுகின்றேன்.

இவ்விடத்தில் ஒரு சர்ச்சையைத் தொடாமற் செல்ல இயலாது. இடகலை, பிங்கலை, சுழுமுனை முதலாய நாடிகளே இன்றைய நரம்புத்தொகுதி எனவும், ஆறு ஆதாரங்களும் நரம்புப் பின்னல்களே எனவும், ஆகவே எம்முன்னோர் இதனை முன்னரே அறிந்திருந்தனர் எனவும் மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி கூறப்படுகின்றது. இவ்வொப்பீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1927இல் பம்பாய் வைத்தியர் வசந்த் ரேலே என்பவர் குண்டலினி என்பது பத்தாவது மூளை நரம்பே என ஒரு நூல் எழுதினார். அக்காலத்தில் அது பெரிதும் பேசப்பட்டது. அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1855இல், பின்னாளில் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி வேறொன்றைச் செய்தார். கங்கையில் மிதந்து வந்த பிணத்தைக் கரைக்கு இழுத்து, கத்தியால் அறுத்து, தம்மிடமிருந்த யோக நூல்களின் வருணனையோடு உறுப்புக்களை ஒப்பிட்டார். பொருந்தாமை கண்டு, நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்ததாகத் தமது தன்வரலாற்றில் அவரே கூறுகின்றார்.

நூல்களைக் கிழித்தது மிகை என்பது எனது கருத்து. நாடி என்பது துளையுடைய தண்டு, குழாய் எனப் பொருள்படும் சொல். வாயு இயங்கும் வழிகளாக நாடிகளை உருவகித்த யோகியரின் நோக்கம் தம் அகத்தை நெறிப்படுத்துதல். பிண ஆராய்ச்சி அவர்தம் நோக்கமாக இருக்கவில்லை. கேலனும் நரம்புகளினூடே ஒருவகை நுண்வாயு ஓடுவதாகவே நம்பினார். 17ஆம் நூற்றாண்டில் டேக்காட் வரை ஐரோப்பாவும் நரம்பைக் குழாயாகவே கண்டது. ஆனால் நரம்பு குழாயன்று. ஆகவே நாடியை நரம்பு என்போர் யோக நூலாருக்கு அவர் கோராத பெருமையை அளித்து, அவர் உண்மையிற் சொன்னதைக் கேளாது விடுகின்றனர். எமது பாடநூல்கள் ‘நாடி’ என்பதை இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்க்கும், ‘நாளம்’ என்பதை இதயத்துக்குக் குருதியைக் கொணரும் குழாய்க்கும் வரையறுத்தன. நாடி பிடித்துப் பார்த்தல் என்ற வழக்கோடு இது நன்கு பொருந்துகின்றது.

குழாயன்று எனின், நரம்பிற் செல்வது யாது? 1791இல் இத்தாலியரான கல்வானி இறந்த தவளையின் கால் மின்னால் துடிப்பதைக் கண்டு வெளியிட்டார். 1811இல் பெல்லும் 1822இல் மகெந்தியும் செய்த ஆய்வுகளால், முண்ணாணின் முன்வேர் அசைவுக்கும் பின்வேர் உணர்வுக்கும் உரியவை எனத் தெளிவாயிற்று. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பிற் செய்தியின் வேகத்தை அளந்தார். எண்ணத்தைப் போல் கணத்தில் பாய்வது எனக் கருதப்பட்ட அது செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் மாத்திரமே சென்றது. இந்த 1850 என்னும் ஆண்டை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் அவ்வாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஓர் அமெரிக்க வைத்தியர் தமிழ் மாணவர்க்கு உடலமைப்பைப் போதித்துக்கொண்டிருந்தார்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பயின்று வெளியேறிய மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டகன்றனர். கிராமங்களுக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் பயின்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் கணக்கு. ஆங்கில வகுப்பிலும் தமிழ் வகுப்பிலுமாக அறுபதுக்கு மேற்பட்டோரை அவர் உருவாக்கினார். 1873இல் இலங்கையை விட்டு நீங்கினார்.

மொழிபெயர்ப்புப் பணி அதற்கும் முன்னரே தொடங்கியிருந்தது. கற்றர் என்பாரின் உடலமைப்பு, உடற்றொழில், சுகாதார நூல் 1857இல் தமிழில் வெளிவந்தது. 1867இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. 1872இல் வந்தது ‘மனுஷ அங்காதிபாதம்’. இது கிறே எழுதிய புகழ்பெற்ற உடலமைப்பு நூலின் தமிழாக்கமாகும். மூலநூல் இலண்டனில் முதலில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. இன்று எந்த மருத்துவ நூலாவது பதினான்கு ஆண்டுகளில் தமிழாகின்றதா என்று கேட்கத் தோன்றுகின்றது. டால்ரனின் உடற்றொழிலியல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இல் வந்தது. அப்போது கிறீன் அமெரிக்காவில் இருந்தவாறே பணியைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

நூற்பெயர்களே அவர் கையாண்ட நெறியைப் புலப்படுத்துகின்றன. தமிழிற் சொல் உண்டெனில் அதனைக் கொள்ளுதல். இல்லையெனில் வடமொழியை நாடுதல். அதுவும் இயையாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுதல். இரசாயன நூலுக்கு அவர் இட்ட ‘கெமிஸ்தம்’ என்னும் பெயர் இம்மூன்றாம் வழியில் வந்தது. இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றும் பெயர்தான். ஆயினும் ‘சுகரணம்’ என்பது அவ்வாறன்று. கரணம் என்றால் கருவி. அந்தக்கரணம் என்ற சொல்லைச் சைவசித்தாந்த நூல்களிற் கேட்டுப் பழகிய யாழ்ப்பாண மாணவனுக்கு, உடற்கருவிகளின் செவ்விய தொழிற்பாடே சுகரணம் என்பது விரித்துரைக்காமலே விளங்கியிருக்கும். பழைய சொல்லின் எதிரொலியைப் புதிய அறிவுக்குப் பயன்படுத்திய சாமர்த்தியம் இது. கிறீனின் முதனோக்கம் சமயப் பரப்புரை என்பதை மறைத்தற்கில்லை. தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்த சுவிசேடகன் என்று தமது கல்லறையில் எழுதுமாறு வேண்டியவர் அவர். ஆனால் தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலாது என்று அவருக்குப் பின்வந்தவர்கள் சொன்னபோது, இயலும் என்பதற்கு அச்சிட்ட சான்றுகள் ஏற்கெனவே இருந்தன.

1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கில மொழியில் தொடங்கிற்று. உத்தியோகமும் மதிப்பும் அங்கிருந்தே வந்தன. கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அது நின்றுபோன காலம்தான் மிகவும் வருந்தத்தக்கது. நரம்பு பற்றிய அறிவு முற்றாக மாறியது அதன் பின்னரே. 1873இல் கொல்ஜி என்னும் இத்தாலியர் வெள்ளி உப்பினால் நரம்பிழையத்துக்கு நிறமூட்டும் முறையைக் கண்டார். 1888 முதல் ஸ்பானியரான கஹால் அதே முறையைக் கொண்டே, நரம்புத்தொகுதி தொடர்ந்த வலையன்று, தனித்தனிக் கலங்களால் ஆயது என நிறுவினார். இருவரும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மேடையிலும் கருத்தில் முரண்பட்டே நின்றனர். மனுஷ சுகரணம் வெளிவந்து ஐந்தே ஆண்டுகளிற் பிறந்த இக்கொள்கையைத் தமிழ் பல பதின்மங்கள் கழித்தே பெற்றது.

மீண்டும் சொற்களைத் தேடத் தொடங்கியபோது எமது கரையோரத்து மனிதர் ஒருவர் முன்வரிசையில் நின்றார். கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. அதே விபுலாநந்தர்தாம் யாழின் நரம்புகளைக் கணிதமுறையால் ஆராய்ந்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்தவர். நரம்பின் பழம்பொருளையும் புதிய துறைச்சொற்களின் தேவையையும் ஒருங்கே உணர்ந்தவர் அவரினும் வேறொருவர் அக்காலத்தில் இருந்திருப்பார் என நான் எண்ணவில்லை.

இலங்கையில் தமிழ்வழி விஞ்ஞானக் கல்வி விரிந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் தமிழகத்தினின்றும் வேறான பாதையில் சென்றன. அவர்கள் தண்டுவடம் என்பதை நாம் முண்ணாண் என்றோம். முள்ளந்தண்டினுள் செல்லும் நாண் என்ற இச்சொல்லில், கிரேக்கரின் வில்நாண் இரண்டாயிரம் ஆண்டு கழித்து எதிர்பாராத வழியில் வந்து சேர்கின்றது. பெருமூளை, சிறுமூளை என்பன எமக்கு மூளையம், மூளி ஆயின. அனிச்சைச் செயல் தெறிவினை ஆயிற்று. தெறித்தல் என்னும் வினையில் சூடுபட்ட கை பின்வாங்கும் வேகமே இருக்கின்றது. இச்சொல்லை நான் பெரிதும் விரும்புகின்றேன். ‘மூளி’ என்பதை அவ்வாறு விரும்ப இயலவில்லை. உறுப்புக் குறையுடையது என்ற பொருளே எமது ஊரில் முதலில் நினைவுக்கு வருகின்றது.

இனி, இத்தொகுதி இயங்குமாற்றை ஓரளவு நோக்குவோம். ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நிறையுடைய மூளையும் முண்ணாணும் மைய நரம்புத்தொகுதியாகும். மூளையிலிருந்து 12 சோடியும் முண்ணாணிலிருந்து 31 சோடியும் நரம்புகள் பிரிகின்றன. சில இழைகள் உணர்வை உள்ளே கொணர்கின்றன; சில கட்டளையை வெளியே கொண்டுசெல்கின்றன. இதயத்துடிப்பு, சமிபாடு முதலியவற்றை எம் எண்ணத்துக்குக் காத்திராது தன்னாட்சி நரம்புத்தொகுதி நடத்துகின்றது. மூளையில் மாத்திரம் 8,600 கோடி அளவிலான நரம்புக்கலங்கள் உண்டென 2009இல் வெளியான கணக்கொன்று கூறுகின்றது. கலத்தினூடே மின்மாற்றமாகச் செல்லும் செய்தி, கலத்தின் முடிவில் நுண்ணிய இடைவெளியைக் கடக்கவேண்டும். அங்கே இரசாயனப் பொருளொன்று சுரந்து மறுகரையை அடைகின்றது. 1921இல் ஒற்றோ லோவி தவளை இதயங்கள் இரண்டைக் கொண்டு இதனை நிறுவினார்.

இந்த இடைவெளி எமது வயல்வெளியினருக்குத் தொலைவான செய்தியன்று. கட்டுவிரியன் தீண்டியவர் அதனை உணராமலே உறங்கிவிடுவதுண்டு. விடியும்போது கண்மடல் கவிழ்ந்திருக்கும். பின்னர் பேச்சுக் குழறும். மூச்சுவாங்கும் தசைகள் தளரும். “விசம் தலைக்கேறிட்டு” என்பர். உண்மையில் விடம் மூளையைத் தாக்குவதில்லை. நரம்பு தசையைத் தொடும் இடைவெளியிலே செய்தியைத் தடுக்கின்றது. ஆகவேதான் தீண்டப்பட்டவர் அறிவு தெளிந்திருந்தும் இமை திறக்கமாட்டாதவராய்க் கிடக்கிறார். செயற்கைச் சுவாசம் தக்க வேளையிற் கிடைப்பின் பிழைக்கிறார். 1963இல் தைவானில் சாங், லீ என்னும் இருவர் அந்நாட்டுக் கட்டுவிரியனின் விடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளே, நரம்பின் இரசாயனச் செய்தியை ஏற்கும் மூலக்கூறைப் பின்னர் இனங்காண உதவியது. விடம் ‘நரம்பு வழியே’ ஏறுகின்றது என எண்ணிக் கை கால்களை இறுகக் கட்டும் வழக்கம் இன்னும் உண்டு. அங்கே ‘நரம்பு’ மறுபடியும் குருதிக் குழாயே. இறுகக் கட்டுவதால் உறுப்பே அழுகிப்போகலாம் என்பதால் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று இன்றைய மருத்துவம் கூறுகின்றது.

அம்மம்மாவின் காலில் நிகழ்ந்ததும் இப்போது விளங்குகின்றது. கால்விரலின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புக்கலத்தின் உடல் இடுப்பளவில், முண்ணாணுக்கு அருகே உள்ளது. அதன் இழை விரல்நுனி வரை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். நீரிழிவு இத்தகைய நீண்ட இழைகளையே முதலில் அழிக்கின்றது. எனவேதான் விறைப்பு பாதத்தில் தொடங்குகின்றது. கெண்டைக்காலிற் புடைத்திருந்த நாளங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்று மாதந்தோறும் கிளினிக்கில் தாதி ஒருவர் நைலோன் இழையொன்றை அவரது பாதத்தில் பத்து இடங்களில் அழுத்தி, “தெரியுதா?” எனக் கேட்கிறார். அம்மம்மா கண்களை மூடிக்கொண்டு விடை சொல்கிறார். ‘ரத்த நரம்பு’ வேறு, ‘விறைக்கிற நரம்பு’ வேறு என்று அவர் இப்போது அயலவர்க்கு விளக்குவதுண்டு. நீரிழிவுள்ள பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் சென்ற கிழமை அவர் கேட்ட கேள்வியும் அதுவே: “எந்த நரம்பு?”